ஒரு பக்க மூக்கடைப்பு

நெல்லிமேடு எஸ்டேட்டில் ஆறுமுகத்தைக் கம்பவுண்டர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. லைன் வீடுகளில் குடியிருந்தவர்களும், சுற்றியிருந்த மலை ஊர்களிலிருந்து காப்பிப் பழம் பறிக்க வருகிறவர்களும் அவரை டாக்டர் என்றே அழைத்தார்கள். முதல் இரண்டு வருஷம் "நான் டாக்டர் இல்லப்பா" என்று திருத்திப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். ஏற்காடு மலையில், நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் உள்ளே நடக்கவேண்டிய இடம் அது. காய்ச்சலுக்கு மாத்திரை, குளவிக் கடிக்கு ஊசி, ஆடுகிற பல்லுக்குக் கொறடு எல்லாம் அவர் கையால்தான் ஆகவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன?

உண்மையான டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை, முதல் செவ்வாய்க்கிழமை, ஜீப்பில் வருவார். இருபது பேரைப் பார்ப்பார். பகல் சாப்பாடு மானேஜர் பங்களாவில். அந்த இருபது பேர் யார் யார் என்று முடிவு செய்வது ஆறுமுகத்தின் வேலை. "ஆறுமுகம் சலிச்சு எடுத்துத்தான் எனக்கு அனுப்பறார்" என்று டாக்டர் ஒருமுறை மானேஜரிடம் சொன்னதை, ஆறுமுகம் மனைவி கண்ணம்மாளிடம் நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பார்.

மூக்கைப் பொறுத்தவரை அவருக்குத் தனி நம்பிக்கை இருந்தது. அவருக்கே மூக்கில் சதை வளர்ந்து எடுத்த கதை எஸ்டேட் முழுக்கப் பிரசித்தம். எழுபத்தெட்டாம் வருஷம் இரண்டு துவாரமும் அடைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டு, பெருங்காய வாசனைகூடத் தெரியாமல் பத்து மாதம் திரிந்தார். சேலத்தில் ஒரு மூக்கு டாக்டர் மரத்துப்போக மருந்து வைத்து, கம்பிச் சுருக்கை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக இழுத்துத் தட்டில் போட்டார். தோலுரித்த திராட்சை மாதிரி வெளிறிப்போய், வழவழவென்று இருந்தன. மூன்றாம் நாள் ஆறுமுகம் மலை ஏறிவிட்டார். அந்தச் சதைகளில் நாலைக் கேட்டு வாங்கி வந்து, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு டிஸ்பென்சரி அலமாரியில் வைத்தார். மூக்கடைப்பு என்று யார் வந்தாலும் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். "இவ்வளவுதான் சமாச்சாரம். இதுக்குப் போயி பயந்துக்கிட்டு!"

ஆராயிக்கும் காட்டினார்.

எண்பத்திரண்டாம் வருஷம், காப்பி பூத்திருந்த பங்குனி மாதம் அவள் முதல்முதலாக வந்தாள். மஞ்சக்குட்டைப் பக்கத்து மலைக்காரி. கொஞ்சம் சாமைக்காடும் நாலு கொய்யா மரமும் சொந்தமாக உண்டு. அவளும் புருஷன் வெள்ளையனும் பத்துப் பன்னிரண்டு வருஷமாக எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். பேச்சில் அவசரமே இல்லாதவள்.

"ஏனுங்க, இந்த எடது பக்கம் மட்டும் அடச்சுக்கிட்டே கெடக்குதுங்க. சிந்துனா ரத்தக் கீத்தாட்டம் வருதுங்க" என்றாள்.

"எத்தனை நாளா?"

"தை நோம்பிக்கு முன்னால இருந்துங்க. காடு பூராப் பூத்துக் கெடக்குது, எனக்கு ஒரு வாசமும் தெரியலீங்க."

ஆறுமுகம் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது துவாரத்துக்குள், மேலே தள்ளி, ஏதோ தெரிந்தது. சிவப்பாக இருந்தது. அவருடையவை வெளிறியவை. இந்த வித்தியாசம் அவர் கண்ணில் பட்டது, பட்டதோடு சரி. ஆளுக்கு ஆள் சதையின் நிறம் மாறும் என்று நினைத்துக்கொண்டார். பாட்டிலை எடுத்துக் காட்டி, சொட்டு மருந்து ஊற்றிக் கொடுத்து, "சதைதான் வளருது. உசுருக்கு ஒண்ணும் ஆகாது. நான் இல்லையா, அதே மூக்கோட நடமாடிக்கிட்டு?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

ஆனி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, டாக்டரின் ஜீப் வருவதற்கு முன்னால், வரிசையின் கடைசிப் பக்கமாக ஆராயி நின்றுகொண்டிருந்தாள். ஆறுமுகம் கையில் பட்டியலோடு வெளியே வந்தார். அன்றைக்கு ஏற்கெனவே இருபத்துமூன்று பேர்.

"நீ எதுக்கு நிக்கற ஆராயி?"

"பெரிய டாக்டருகிட்ட ஒருக்காக் காட்டிப்போடலாமுன்னு வந்தனுங்க. மூக்கு அப்படியே இருக்குதுங்க."

"நான் பாக்கலையா? மருந்து குடுக்கலையா?"

"அப்படிச் சொல்லலீங்க. நீங்க பாக்காமலா."

"அவரு வந்தாலும் இதே சொட்டு மருந்துதான் எழுதுவாரு. வயித்துப் போக்கு, நெஞ்சு வலின்னு எத்தனை பேரு நிக்கறாங்க பாரு. மூக்கடைப்புக்கெல்லாம் வரிசையில நின்னா எப்படி? போ, வேலையப் பாரு. இதை நான் பாத்துக்கறேன்."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கை ஒற்றிக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பாவாயி திரும்பிப் பார்த்துவிட்டு, இடைவெளி விழாதபடி ஓரடி முன்னால் நகர்ந்து நின்றாள். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் ஆராயி எந்தச் செவ்வாய்க்கிழமையும் வரிசையில் நிற்கவில்லை.

கார்த்திகையில் பழம் பறிப்பு தொடங்கியபோது அவள் மூக்கிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது. பழம் பறிக்கிறவர்கள் ஒரே செடியைச் சுற்றி இரண்டிரண்டு பேராக நின்று பறிப்பார்கள். ஆராயியோடு நிற்க யாரும் முன்வரவில்லை. மேஸ்திரி அவளைக் கடைசி வரிசைக்கு, தனியாக அனுப்பினான். சாப்பாட்டு வேளையில் மற்ற பெண்கள் எழுந்து காற்றுக்கு மேற்பக்கமாகப் போய் உட்கார்ந்தார்கள். அவளுக்கே தன் நாற்றம் தெரியாது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஆறுமுகம் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவச் சொன்னார். சீழ் பிடித்திருக்கிறது என்று பத்து நாளைக்கு ஊசி போட்டார். ஒரு வாரம் நாற்றம் குறைந்தது. "பாத்தியா, சொன்னனில்ல" என்றார்.

மாசி மாதம் கன்னம் மரத்துப்போனது. "இந்தப் பக்கம் கிள்ளுனாலும் தெரியலீங்க" என்றாள். குளிர் என்றார். ஏற்காட்டில் அந்த வருஷம் நிஜமாகவே குளிர் அதிகம்தான். சித்திரையில் மேல்வரிசையில், அதே இடது பக்கத்தில், கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. ஆறுமுகம் கொறடை வைத்தார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. சேற்றிலிருந்து குச்சியை உருவுவதுபோல் பல் கையோடு வந்தது. நாற்பது வயதுப் பெண்ணின் கடைவாய்ப் பல் அப்படி வராது என்பது அவருக்குத் தெரியும். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, அலமாரியில் எதையோ தேடுவதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பல் பிடுங்கிய குழி ஒரு மாதமாகியும் மூடவில்லை. அதற்குள்ளிருந்து பஞ்சுபோன்ற சிவப்புச் சதை ஒன்று எட்டிப் பார்த்தது.

கண்ணம்மாள்தான் கடைசியில் சொன்னாள். கறிவேப்பிலை கொடுக்க வீட்டுப் பக்கம் வந்த ஆராயியைப் பார்த்துவிட்டு, அவள் போனபின் புருஷனிடம் வந்தாள். "அந்தப் புள்ளைக்கு ஒரு கண்ணு மேல ஏறியிருக்குதுங்க. மொகமே ஒரு பக்கமாப் போயிருச்சு. நீங்க பாக்கலையா?"

தினமும் பார்க்கிற முகம். பார்க்கத்தான் இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆறுமுகமே அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளையனும் வந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் ஆராயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாகத் தெரிகிறது என்றாள்: ரோடு இரண்டு, எதிரில் வருகிற லாரி இரண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அடிவாரம் வருவதற்குள் எழுந்துபோய்ப் படிக்கட்டருகில் நின்றுகொண்டான்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு டாக்டர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் கட்டிய கண்ணாடி வெளிச்சத்தில் மூக்கைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கன்னத்தைப் பஞ்சால் தடவி, தெரிகிறதா என்று கேட்டார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரே வந்ததும் விளக்கில் மாட்டிவிட்டு, "யார் பாத்துக்கிட்டிருந்தது?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க. எஸ்டேட் கம்பவுண்டர்." அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லி எத்தனை வருஷமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை.

அதற்கப்புறம் டாக்டரம்மா இங்கிலீஷுக்கு மாறினார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆராயிக்கும் சுவரோரம் நின்ற வெள்ளையனுக்கும் புரியக்கூடாது என்றுதான். ஆறுமுகத்துக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரிந்தது. கன்ன எலும்புக்குள் காற்று இருக்கிற அறை ஒன்று உண்டு. படத்தில் அது கறுப்பாகத் தெரியவேண்டும். வலது பக்கம் கறுப்பாக இருக்கிறது. இடது பக்கம் வெள்ளை. அறையைச் சுற்றி எலும்பின் கோடு ஓடவேண்டும். இந்தப் பக்கம் கோட்டையே காணோம், அரித்துத் தின்றுவிட்டது. மேலே கண்ணுக்குள் போய்விட்டது, கீழே வாய்க்குள் வந்துவிட்டது. சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறேன், ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை, புற்று.

"எனக்கும் மூக்குல சதை இருந்துச்சுங்க" என்று ஆறுமுகம் தமிழில் ஆரம்பித்தார். "அதே மாதிரி இருக்குமுன்னு..."

"இரண்டு பக்கமும் இருந்ததா?"

"ஆமாங்க."

"வெளிறி? வலியில்லாம? ரத்தமில்லாம?"

"ஆமாங்க."

டாக்டரம்மா மறுபடி இங்கிலீஷில் பேசினார். குரல் உயரவில்லை, அதுதான் அடிபோல இருந்தது. இரண்டு பக்கமும் வந்து, வெளிறி, வலியில்லாமல் இருக்கிற சதை பெரும்பாலும் சாதுவானது. ஒரே பக்கம் என்றாலே சந்தேகப்பட வேண்டும். அதோடு ரத்தம் என்றால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். நாற்றம், கன்னம் மரத்துப்போவது, பல் ஆடுவது, கண் தள்ளுவது என்று ஒவ்வொன்றாக அது கதவைத் தட்டிச் சொல்லியிருக்கிறது. பதினைந்து மாதம். முதல் மாதம் வந்திருந்தால் ஒருவேளை கண்ணாவது மிஞ்சியிருக்கும், ஒருவேளை ஆளே மிஞ்சியிருக்கும். எப்போதாவது ஒரு டாக்டரிடமாவது காட்டினீர்களா?

ஆனி மாதத்து வரிசை ஆறுமுகத்தின் கண்முன்னால் வந்து நின்றது. "இல்லீங்க" என்றார். ஆராயி ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து, பேசுகிறவர் வாயையும் கேட்கிறவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்ராஸில் ஆபரேஷன். இடது மேல்தாடை, அண்ணத்தில் பாதி, இடது கண், மூன்றையும் எடுத்தார்கள். அப்புறம் ரேடியேஷன், ஊர்ப் பேச்சில் கரண்டு, வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து ஆராயி மலைக்குத் திரும்பியபோது எலும்புக்கூட்டுக்குச் சேலை சுற்றியது மாதிரி இருந்தாள். வாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் தகடு. அதை மாட்டினால் பேசலாம், விழுங்கலாம். கழற்றினால் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியாக வரும், பேச்சு காற்றாகப் போகும். கண் இருந்த இடத்தில் பஞ்சை வைத்து, தலைப்பை இழுத்து மூடிக்கொள்வாள். மானேஜர் பெரிய மனசு பண்ணி நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார். அங்கே அவள் மட்டும்தான்.

ஆறுமுகத்தால் தாங்க முடியாதது வேறொன்று. அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரைப் புகழ்ந்தாள். "டாக்டருதானுங்க கையப் புடிச்சு சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவரு இல்லீன்னா அன்னைக்கே போயிருப்பேன்" என்று அந்தத் தகட்டுப் பேச்சில் சொல்வாள். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்ததும் மடி நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்து டிஸ்பென்சரி மேஜைமேல் கொட்டினாள். அவளால் கடித்துத் தின்ன முடியாத பழம். ஆறுமுகம் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அன்றைக்கே ஸ்பிரிட் பாட்டிலையும் கக்கூஸ் குழியில் கவிழ்த்து, பாட்டிலை உடைத்துப் புதைத்தார்.

கண்ணம்மாளிடம் வரிசைக் கதையைச் சொன்னார். ஒரு முழு வருஷம் உள்ளே வைத்திருந்ததைச் சொன்னார். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"இப்பப் போயி அவங்ககிட்டச் சொல்லோணுமாக்கும்? சொன்னா அந்தக் கண்ணு வந்துருமா?"

"அவ என்னைக் கும்பிடறா, கண்ணம்மா."

"கும்பிட்டா வாங்கிக்கங்க. அதுதான் உங்களுக்குத் தண்டனைன்னு வெச்சுக்கங்க."

அந்த வருஷத்திலிருந்து ஆறுமுகம் மூக்கு என்று யார் வந்தாலும் சேலத்துக்குச் சீட்டு எழுதினார். ஜலதோஷத்துக்கும் எழுதினார். கீழே விழுந்து மூக்கில் ரத்தம் வந்த மேஸ்திரிக்கும் எழுதினார். பதினோரு பேர் போனார்கள். பதினோரு பேருக்கும் ஒன்றுமில்லை. மானேஜர் கூப்பிட்டுவிட்டார். "என்ன ஆறுமுகம், வயசாச்சா? முன்னெல்லாம் நீரே பார்த்து முடிப்பீர். பறிப்பு சமயத்துல ஆள் ஆளா சேலத்துக்கு அனுப்பினா எஸ்டேட்டை யார் பார்க்கிறது? இனிமே என்கிட்டக் கேட்டுட்டு எழுதும்." தான் தவறு செய்த காலத்தில் கிடைத்த பாராட்டும், ஜாக்கிரதையாக இருக்கிற காலத்தில் கிடைக்கிற வசவும் ஒரே அறையில், ஒரே நாற்காலியிலிருந்து வந்தன. ஆறுமுகம் "சரிங்க" என்றார்.

எண்பத்தைந்து ஐப்பசியில், மழை விடாமல் பெய்த வாரத்தில், ஆராயி செத்துப்போனாள். கழுத்தில் கட்டி வந்து, அது உடைந்து, கடைசி இரண்டு மாதம் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. வலிக்கு ஊசி போட ஆறுமுகம் மஞ்சக்குட்டைக்கு வாரம் இரண்டு தடவை நடந்தே போனார். அவர் போனபோதெல்லாம் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பகலில் மறுபடி போனார். மழை ஓய்ந்து வெயில் அடித்தது. வெள்ளையன் வீட்டுக்கு முன்னால் சாமைக்காட்டு வரப்பை மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, பாறைமேல் துண்டை விரித்தான்.

"உக்காருங்க."

ஆறுமுகம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மூக்குக்குள் சிவப்பாகப் பார்த்ததைச் சொன்னார். வரிசையிலிருந்து அவளைத் துரத்தியதைச் சொன்னார். பல் கையோடு வந்த நாளைச் சொன்னார். அன்றைக்குத் தனக்குப் பயம் வந்ததையும், வந்தும் ஒரு மாதம் சும்மா இருந்ததையும் சொன்னார். "அவளை நாந்தான் கொன்னேன், வெள்ளையா" என்று முடித்தார். சொல்லிவிட்டால் அவன் அடிப்பான், அல்லது அழுவான், அல்லது காலில் விழுந்து "அப்படிச் சொல்லாதீங்க" என்பான் என்று மூன்றுக்கும் தயாராக வந்திருந்தார்.

வெள்ளையன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் வழித்துப் போட்டான்.

"அவளுக்குத் தெரியுமுங்க" என்றான்.

ஆறுமுகத்துக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன தெரியும்?"

"எல்லாந்தானுங்க. அந்த டாக்டரம்மா உங்கள வெச்சு வாங்குனாங்களே, அன்னைக்கே தெரிஞ்சுருச்சுங்க. திரும்பி வரப்ப, நீங்க பஸ்சுல முன்னால உக்காந்திருக்கறப்பவே எங்கிட்டச் சொல்லிப்போட்டா. இங்கிலீசு நமக்குத் தெரியாது, திட்டறது தெரியாதான்னு கேட்டா. உங்க மொகம் செத்த மொகமா இருந்துச்சாமா. இவரு என்னய வரிசையில இருந்து தள்ளுனாருல்ல, அதத்தான் கேக்கறாங்கன்னு சொன்னா."

"அப்புறம் ஏன்... ஊரெல்லாம் என்னைப் பத்தி அப்படிச் சொன்னா?"

வெள்ளையன் அவரை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஆறுமுகம் எங்கேயாவது பிடித்து நின்றிருப்பார்.

"நான் குதிச்சனுங்க. மானேஜர் தொரைகிட்டச் சொல்லோணும்னு நின்னேன். அவதான் வேண்டாமுன்னா. சொன்னா உங்கள அனுப்பிப்போடுவாங்க, வேற ஆளு வரதுக்கு ரெண்டு வருசமாகும், வராமயும் போவும். எனக்கோ போயிருச்சு, இந்தப் பக்கத்துப் புள்ளைங்களுக்குக் காச்சல் வந்தா யாரு பாப்பான்னா. அதுவுமில்லாம, நல்லவருன்னு நாலு பேருகிட்டச் சொல்லி வெச்சா, அந்தப் பேருக்காச்சும் பயந்துக்கிட்டு அடுத்த ஆளை ஒழுங்காப் பாப்பாருன்னா."

பக்கத்துக் காட்டில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. ஆறுமுகம் அப்போதுதான் பாறைமேல் உட்கார்ந்தார். அவள் தன்னை மன்னித்துவிட்டாள் என்றோ, அறியாமல் கும்பிட்டாள் என்றோ இரண்டில் ஒன்றைத்தான் அவர் இத்தனை நாளும் மாற்றி மாற்றி நினைத்திருந்தார். அவள் இரண்டையும் செய்யவில்லை. வேறு கதியில்லாத இடத்தில், இருக்கிற ஒரே ஆளைக் கட்டிக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"நீ என்ன நினைக்கற வெள்ளையா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

"நான் நெனச்சு என்னாவறதுங்க." அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். "எங்க சின்னப் பையன் சம்சாரத்துக்கு ஏழு மாசமாகுது. ரெண்டு காலும் வீங்கிக் கெடக்குது, தலை நோவுதுன்னு சொல்லுது. நாளைக்குக் கூட்டிட்டு வரேனுங்க."

"நாளைக்கு வேண்டாம், இப்பவே சேலத்துக்குச் சீட்டு எழுதித் தரேன்" என்றார் ஆறுமுகம், அவசரமாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டு.

"எழுதித் தாங்க" என்றான் வெள்ளையன். "ஆனா அந்தப் புள்ளை உள்ளதான் படுத்திருக்குது. மொதல்ல போயிப் பாருங்க. பாத்துட்டு எழுதுங்க."

ஆறுமுகம் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து அந்த வீட்டுக்குள் போனார்.